செவ்வாயில் பாவம் செய்தவர் யார்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பூகம்பத்தைப் பற்றியதாகும். பூகம்பம் என்றவுடன் நம் பூமியின் நடுக்கத்தை மாத்திரம் நினைத்துக்கொள்ள வேண்டாம். சந்திரனிலும் நடுக்கம் உண்டு, செவ்வாயிலும் நடுக்கம் உண்டு என்று யந்திரங்களை அங்கேயே கொண்டுபோய் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தச் சங்கதிகளைச் சொல்லி, அதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று இருக்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். கேட்டுவிட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

பூமி ஏன் நடுங்குகிறது என்று கேட்டால், ஆதிசேஷன் தலையை மாற்றிக்கொள்ளுகிறான் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். ஜப்பானியர் பூமிக்கடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் வாலை ஆட்டுகிறது என்றார்கள். கிரேக்கர் சமுத்திர தேவனுக்குக் கோபம் என்றார்கள். இதற்காக அந்தக் காலத்து மனிதர்களை நாம் பரிகாசம் செய்யப் போவதில்லை. அவர்களிடம் கருவி இல்லை; கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து ஊகித்தார்கள். கருவி வந்து, உண்மை தெரிந்து, பள்ளிக்கூடத்துப் பையன் புத்தகத்திலும் அச்சாகிவிட்ட பிறகு, பெரியவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் இன்னமும் தெய்வ கோபம், ஜனங்களின் பாவம், கிரகச் சேர்க்கை என்று சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் நாம் குற்றம் என்கிறோம்.

தெய்வ கோபம் என்ற பேச்சு

1755-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரத்தில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. அன்றைக்கு என்ன நாள் தெரியுமா? கிறிஸ்தவர்களின் சகல பரிசுத்தவான்கள் திருநாள். ஜனங்கள் கோயில்களில் நிறைந்திருந்த காலை நேரம். கோயில்கள் இடிந்து அவர்கள் தலைமேலேயே விழுந்தன. ஏற்றி வைத்திருந்த மெழுகுவர்த்திகளால் நகரம் தீப்பற்றியது. தப்பியோடிக் கடற்கரையில் நின்றவர்களைக் கடல் வந்து அடித்துக்கொண்டு போயிற்று. இவ்வளவும் ஆன பிறகு பாதிரிமார்கள், "உங்கள் பாவத்திற்குத் தண்டனை" என்று பிரசங்கம் செய்தார்கள். பிரார்த்தனைக்குப் போனவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்பாரில்லை.

இது எங்கோ அயல்நாட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள். 1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பூமி அதிர்ந்து பத்தாயிரத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அப்பொழுது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பிரயாணமாகத் தமிழ்நாட்டிற்கு வந்திருந்த காந்தியார், திருநெல்வேலியில் பேசுகையில், இது தீண்டாமை என்னும் பாவத்திற்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்ற கருத்தைச் சொன்னார். இரவீந்திரநாத் தாகூர் இதை ஒப்புக்கொள்ளாமல், இயற்கையில் நடப்பதற்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று கண்டித்து எழுதினார். காந்தியாரும் அதை மறைக்காமல் தமது பத்திரிகையிலேயே பிரசுரித்துப் பதில் எழுதினார்.

தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. மனிதனை மனிதன் இழிவு செய்கிற கொடுமை என்ற ஒரு காரணமே அதை ஒழிக்கப் போதும். அதற்குப் பூகம்பத்தைச் சாட்சிக்கு அழைத்தால் என்ன ஆகும்? நாளைக்கு வைதீகர் ஒருவர் எழுந்து, "கோயிலைத் திறந்துவிட்டதால்தான் பூமி அதிர்ந்தது" என்பார். அவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்ல முடியும்? இருவர் கையிலும் ருசு இல்லை. மேலும், பீகாரில் இடிந்த வீடுகளுக்கடியில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுந்தானே செத்தார்கள்! இழிவு செய்தவனுக்கும் சாவு, இழிவுபட்டவனுக்கும் சாவு என்றால் அதற்குத் தண்டனை என்று பெயர் வைப்பது எந்த நியாயம்?

பானையைத் தட்டிப் பார்ப்பது

சரி, உண்மைக் காரணந்தான் என்ன? பூமியின் மேல் ஓடு ஒரே துண்டாக இல்லை. பல பெரிய பாறைப் பாளங்களாக உடைந்து கிடக்கிறது. அடியில் உள்ள சூட்டினால் அந்தப் பாளங்கள் மெதுவாய் நகருகின்றன. நம் தேசம் உட்கார்ந்திருக்கும் பாளம் வருஷத்திற்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. விரல் நகம் வளருகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வடக்கே உள்ள பாளத்தில் முட்டி எழும்பியதே இமயமலை. முட்டுகிற இடத்தில் பாறை சட்டென்று நழுவுவதில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. இழுத்து வளைத்த மூங்கில் தாங்கும் மட்டும் தாங்கிப் பிறகு படீரென்று முறிகிற மாதிரி, நூறு இருநூறு வருஷமாய்ச் சேர்ந்த இறுக்கம் ஒரு நிமிஷத்தில் விடுபடுகிறது. அதுதான் பூகம்பம்.

அடியில் இருப்பதை யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். சந்தையில் பானை வாங்கும் நம் தாய்மார்கள் அதை உடைத்தா பார்க்கிறார்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். சத்தத்தைக் கொண்டு விரிசலைச் சொல்லிவிடுகிறார்கள். விஞ்ஞானிகள் செய்வதும் அதுவே. பூகம்பம் தட்டுகிறது, இவர்கள் காதை வைத்துக் கேட்கிறார்கள். அந்தக் காதுதான் பூகம்பமானி. கொத்தனார் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக் குண்டைப்போல ஒரு குண்டு தொங்குகிறது. பூமி அசையும்போது கட்டியிருக்கும் சட்டம் அசையும், குண்டு சற்று நேரம் இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசத்தை யந்திரம் குறித்துக்கொள்ளும்.

அதிர்ச்சி அலையில் இரண்டு ஜாதி உண்டு. (இந்த ஜாதியில் உயர்வு தாழ்வு இல்லை.) ஒன்று முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு வேகமாய் வருவது, அது கல்லிலும் போகும், திரவத்திலும் போகும். மற்றொன்று பக்கவாட்டில் குலுக்கிக்கொண்டு பின்னால் வருவது. அது திரவத்திற்குள் போகாது. நம் தேசத்துப் பூதத்துவ இலாகாவில் வேலை பார்த்த ஓல்ட்ஹாம் என்பவர் 1897-ல் அஸ்ஸாமில் ஏற்பட்ட பெரும் பூகம்பத்தை ஆராய்ந்து இந்த அலைகளைப் பிரித்துக் காட்டினார். 1906-ல் பூமியின் நடுவில் வேறு தன்மையுள்ள ஒரு கரு உண்டு என்பதற்கும் ஆதாரம் காட்டினார். 1936-ல் டென்மார்க் தேசத்து லேமன் என்ற அம்மையார், அந்தக் கருவின் உள்ளே கெட்டியான இன்னொரு கரு இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பெண்ணுக்குப் புத்தி பின்புத்தி என்று பழமொழி சொல்லுகிறவர்கள், பூமியின் நடுவயிற்றைக் கண்டு சொன்னவர் ஒரு பெண் என்பதைக் குறித்துக்கொள்ளட்டும்.

சந்திரனில் கேட்டது

1969-ல் சந்திரனுக்குப் போன அமெரிக்கர்கள் கல்லும் மண்ணும் எடுத்து வந்ததோடு நிற்காமல், இந்தக் கருவியையும் அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்தடுத்துப் போனவர்கள் நான்கு இடங்களில் வைத்த கருவிகள் 1977 செப்டம்பர் வரையில் வேலை செய்து, 12,000-க்கு மேற்பட்ட அதிர்ச்சிகளைப் பதிவு செய்தன. சில, விண்கல் விழுந்த அதிர்ச்சி. சில, பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் தரை விரிந்து சுருங்கும் அதிர்ச்சி. சில 700 கிலோமீட்டருக்கும் கீழே, பூமியின் இழுப்பினால் மாதக் கணக்குத் தவறாமல் வருபவை. இன்னும் சில மேலாக உண்டாகிப் பலமாக அடிப்பவை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். 1969 நவம்பரில், வேலை முடிந்த ஒரு கலத்தை வேண்டுமென்றே சந்திரன்மேல் மோதவிட்டார்கள். சந்திரன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெண்கல மணிபோல அதிர்ந்துகொண்டேயிருந்தது! காரணம் என்ன? நம் பூமிப் பாறையில் ஈரம் உண்டு; ஈரம் அதிர்ச்சியை விழுங்கிவிடும். சந்திரனோ நன்றாய்க் காய்ந்த பானை. அதனால் சத்தம் அடங்க நேரமாகிறது.

சந்திரன் ஆறிக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் இருக்கிறது என்பதையும் பிற்பாடு கண்டார்கள். வாடின எலுமிச்சம் பழத்தோல் சுருங்குகிறபடி, சந்திரன் தரையும் மடிந்து மேடுதட்டியிருப்பது படங்களில் தெரிந்தது. சென்ற பல கோடி வருஷங்களில் அதன் ஆரம் 50 மீட்டர் அளவில் குறைந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 23-ந் தேதி நம் தேசத்துச் சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவப் பக்கம் இறங்கிற்று. அதிலும் ஒரு பூகம்பமானி இருந்தது. அது குறித்த 250-க்கு மேற்பட்ட அதிர்ச்சிகளில் ஏறக்குறைய 200, உடன்போன வண்டி ஓடியதாலும் கருவிகள் அசைந்ததாலும் உண்டானவை என்று அவர்களே கழித்துவிட்டார்கள். மீதி ஏறக்குறைய 50 அதிர்ச்சிகளுக்குத்தான் காரணம் தேட வேண்டியிருந்தது. எல்லாமே சந்திர நடுக்கம் என்று தம்பட்டம் அடித்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அப்படிச் செய்யாததுதான் அறிவுக்கு அழகு.

அந்த வேலையில் நம் கிராமத்து மண்ணுக்கும் பங்குண்டு. நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறை, சந்திரனின் மேட்டு நிலத்துப் பாறையைப் போன்றது. அதை இடித்துப் பொடியாக்கித்தான், சந்திரன் தரைபோலப் பரப்பி, வண்டியையும் கலத்தையும் ஓட்டிப் பரீட்சை பார்த்தார்கள். அந்த மண்ணுக்கு யாரும் கர்ப்பூரம் காட்டவில்லை. சலித்து, அளந்து, உபயோகித்தார்கள்.

செவ்வாயில் கேட்டது

இனிச் செவ்வாய்க்கு வருவோம். 2018 நவம்பர் 26-ந் தேதி இன்சைட் என்னும் அமெரிக்கக் கலம் செவ்வாயில் இறங்கிற்று. அதிலிருந்த பூகம்பமானி, பிரெஞ்சுக்காரர் முன்னின்று செய்தது. ஓர் அணுவின் அளவைவிடச் சிறிய அசைவையும் கண்டுகொள்ளும். காற்றுப் படாமல் அதற்கு ஒரு மூடியும் போட்டார்கள். 2019 ஏப்ரல் 6-ந் தேதி முதல் நடுக்கத்தைக் கேட்டது. 2022 டிசம்பரில், சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் பலகைகள் தூசியால் மூடப்பட்டு அது ஓய்ந்துபோகும் வரையில், 1,300-க்கு மேற்பட்ட நடுக்கங்களைக் குறித்தது.

2021 டிசம்பர் 24-ந் தேதி 4 அளவில் ஒரு அதிர்ச்சி. பிறகு செவ்வாயைச் சுற்றும் இன்னொரு கலத்தின் படங்களைப் பார்த்தால், அதே சமயத்தில் ஒரு விண்கல் விழுந்து 150 மீட்டர் அகலத்திற்குப் பள்ளம் தோண்டியிருக்கிறது! பள்ளத்தைச் சுற்றிப் பனிக்கட்டி சிதறிக் கிடந்தது. காது கேட்டதைக் கண் பார்த்து ருசுப்படுத்திற்று.

2022 மே 4-ந் தேதி 4.7 அளவில் அதைவிடப் பெரிய நடுக்கம் வந்தது. அதன் அதிர்வு அடங்கப் பல மணி நேரமாயிற்று. இதுவும் விண்கல்தானோ என்று சந்தேகித்தார்கள். சந்தேகம் வந்தவுடன் என்ன செய்தார்கள்? பிரசன்னம் பார்த்தார்களா? பூப்போட்டுப் பார்த்தார்களா? செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த கலங்களுக்குச் சொந்தக்காரரான ஐரோப்பியர், சீனர், அராபியர், நம் இந்தியர் எல்லோரிடமும் படங்களைக் கேட்டுத் தேடினார்கள். அரசியலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத தேசத்தாரும் இந்தத் தேடலில் சேர்ந்துகொண்டார்கள். எங்கும் புதுப் பள்ளம் இல்லை. ஆகவே இது செவ்வாயின் உள்ளிருந்தே பாறை முறிந்து வந்த நடுக்கம் என்று 2023-ல் முடிவு செய்தார்கள்.

செவ்வாயில் நம் பூமியைப்போல் முட்டி மோதும் பாளங்கள் இல்லை. பெரும்பாலும் அது ஆறிச் சுருங்குவதால் ஓடு இறுகி முறிகிறது. செர்பெரஸ் என்று பெயரிட்டிருக்கும் வெடிப்பு நிலத்தில் அநேக நடுக்கங்கள் உண்டாவதால், அங்கே அடியில் இன்னமும் சூடு இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

வெள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 460 டிகிரிக்கு மேல் சூடுள்ள அந்தத் தரையில் எந்தக் கருவியும் நிலைப்பதில்லை. 1982-ல் இறங்கிய ருஷியக் கலம் இரண்டு மணி நேரந்தான் பிழைத்தது. ஆனால் மெகல்லன் என்ற கலம் 1991-ல் எடுத்து வைத்த படங்களை மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்த இருவர், எட்டு மாதங்களுக்குள் ஒரு எரிமலை வாய் 2 சதுர கிலோமீட்டர் அளவிலிருந்து 4 சதுர கிலோமீட்டராக விரிந்திருப்பதை 2023-ல் வெளியிட்டார்கள். முப்பது வருஷத்துப் பழைய படத்திலிருந்து புதிய உண்மை!

இப்பொழுது கேட்கிறோம்

தோழர்களே! சற்று நிதானமாய் யோசித்துப் பாருங்கள். செவ்வாயில் மனிதன் இல்லை. கோயிலும் இல்லை, கோயிலை இடிப்பவனும் இல்லை. ஆஸ்திகனும் இல்லை, நாஸ்திகனும் இல்லை. தீண்டாமையும் இல்லை, கலப்பு மணமும் இல்லை, விதவா விவாகமும் இல்லை. அப்படியிருக்க நான்கு வருஷத்தில் 1,300 தடவை அங்கே தரை நடுங்கியதே, அங்கே பாவம் செய்தவர் யார்? யாரைத் தண்டிக்க அங்கே பூகம்பம் வந்தது?

இன்னொன்று. அந்தச் செவ்வாயின் பெயரைச் சொல்லித்தான் நம் நாட்டில் எத்தனையோ பெண்களுக்குச் செவ்வாய் தோஷம் என்று முத்திரை குத்தி, வந்த வரனைத் திருப்பியனுப்புகிறார்கள். படித்த பெண், சம்பாதிக்கிற பெண், குணமுள்ள பெண், எல்லாம் சரி. ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய், ஆகவே புருஷனுக்கு ஆகாது என்கிறார்கள். பெற்றவர்கள் பரிகாரத்திற்குக் கடன் வாங்கி அழுகிறார்கள். துரும் தூசியும் படிந்த ஒரு கல் உருண்டை. வந்திறங்கிய கலத்தின் பலகைமேல் தூசியைக் கொட்டி அதை ஓயவைக்கத்தான் அதற்குத் தெரிந்தது. அது நம் ஊர்ப் பெண்ணின் தாலியைப் பற்றி என்ன அறியும்? நீங்கள் பையனைப் பெற்றவர்களானால், உங்களைத்தான் கேட்கிறோம்.

கிரகங்கள் கூடினால் பூகம்பம் வரும் என்பதையும் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. 1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகம் கூடுகிறது, உலகம் அழியும் என்று ஜோசியர்கள் முழங்கினார்கள். தேசமெங்கும் யாகம் செய்து நெய்யைக் கொட்டினார்கள். உலகம் இருந்தது, நெய்தான் போயிற்று. 1982 மார்ச் 10-ந் தேதி கிரகங்கள் ஒரு பக்கம் சேருவதால் கலிபோர்னியா அதிரும் என்று இங்கிலீஷிலேயே ஒரு புஸ்தகம் வந்தது. அந்த நாள் சும்மா கழிந்தது. எழுதினவரில் ஒருவரே பிற்பாடு அந்தக் கொள்கையைக் கைவிட்டார். சந்திரன் கடலை இழுக்கிறதே, மற்றக் கிரகம் இழுக்காதா என்று கேட்கலாம். இழுக்கும், ஆனால் வெள்ளி மிக அருகில் வரும்போதுகூட அந்த இழுப்பு, சந்திரனுடைய இழுப்பில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

"உங்கள் விஞ்ஞானிகள் இன்றொன்று நாளையொன்று சொல்லுகிறார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். ஆம், சொல்லுகிறார்கள். செவ்வாயின் கருவுக்கு ஆரம் 1,830 கிலோமீட்டர் என்று 2021-ல் சொன்னார்கள். 2023-ல், கருவின்மேல் உருகிய பாறை 150 கிலோமீட்டர் கனத்திற்கு இருக்கிறது, அதையும் கரு என்று எண்ணிவிட்டோம், கரு 1,650 முதல் 1,675 கிலோமீட்டர்தான் என்று திருத்தினார்கள். கரு முழுதும் திரவம் என்று எண்ணியிருக்க, நடுவில் கெட்டியான பாகம் உண்டு என்று 2025-ல் ஒரு கூட்டத்தார் எழுதியிருக்கிறார்கள். அதே கலத்தில் தரையைத் துளைத்துச் சூடு பார்க்கக் கொண்டுபோன கருவி உள்ளே இறங்கவில்லை. இரண்டு வருஷம் முயன்றுவிட்டு 2021-ல் தோல்வி என்று ஒப்புக்கொண்டார்கள். கணக்கு தப்பினால் திருத்தி எழுதுகிற கணக்கப்பிள்ளையை வேலைக்கு வைப்பீர்களா, தப்பைக் காட்டினால் நரகத்திற்குப் போவாய் என்கிறவனை வைப்பீர்களா?

கொல்லுவது எது?

2010 ஜனவரி 12-ந் தேதி ஹைத்தி தேசத்தில் 7.0 அளவில் பூகம்பம். ஒரு லக்ஷத்திற்கு மேற்பட்டவர் மாண்டார்கள். அடுத்த மாதம் 27-ந் தேதி சிலி தேசத்தில் 8.8 அளவில் பூகம்பம். சக்தியில் முன்னதைப்போல் ஏறக்குறைய 500 மடங்கு. இறந்தவர் 500 பேர் சுமார். சிலிக்காரர் புண்ணியவான்களா? இல்லை. அங்கே கட்டடம் கட்டச் சட்டம் இருந்தது, அதன்படி கம்பி கட்டினார்கள். ஹைத்தியில் ஏழைகள் கிடைத்ததை வைத்துக் கட்டியிருந்தார்கள். நம் தேசத்தில் 1993 செப்டம்பர் 30-ந் தேதி லாத்தூர் ஜில்லாவில், விநாயகர் விழா முடித்து விட்டுத் தூங்கியவர்கள்மேல், கல்லும் மண்ணுமாய்க் கனமாய் எழுப்பிய சுவரும் மண் கூரையும் விழுந்து பல ஆயிரம் பேர் மாண்டார்கள். பூமி ஆடிற்று; கொன்றது வீடு.

2004 டிசம்பர் 26-ந் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுமத்ராவில் காலை ஆறரை மணிக்குப் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நாகப்பட்டினத்துக் கரைக்கு, "மேட்டுக்குப் போங்கள்" என்று ஒரு சொல் வந்திருந்தால் போதும். இந்து மகாசமுத்திரத்திற்கு அப்பொழுது எச்சரிக்கை நிலையம் கிடையாது. தமிழ்நாட்டில் மாத்திரம் ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள். 2007-ல்தான் ஹைதராபாத்தில் நிலையம் ஏற்பட்டது. ஆனால், அதிர்ச்சி தோன்றிய இடத்திற்கு மிக அருகில் சிமலூ என்று ஒரு தீவு இருக்கிறது. "பூமி பலமாய் ஆடி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு" என்று 1907-ல் பட்ட அனுபவத்தை அங்கே பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். ஏறக்குறைய 78,000 ஜனங்களில் இறந்தவர் 7 பேர். பழமை என்பதற்காக நாம் எதையும் தள்ளச் சொல்லவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. கண்டறிந்து சொன்ன பழமை உயிர் காத்தது.

எந்த நாள், எந்த மணிக்குப் பூகம்பம் வரும் என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. சொல்லுகிறேன் என்று வருகிறவன் விஞ்ஞானியானாலும் ஜோசியனானாலும் அவனைத் திருப்பியனுப்புங்கள். வந்தால் சாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பது நன்றாய்த் தெரியும். வீடு கட்டும்போது வாஸ்துக்காரனுக்குக் கொடுக்கும் பணத்தை மூலைக்கு மூலை கம்பிக்கும், சுவரைச் சுற்றிக் கட்டும் பட்டைக்கும் கொடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் வெடிப்பு இருந்தால், பரிகாரம் கேட்காமல் பஞ்சாயத்தைக் கேளுங்கள். கடற்கரைக்காரர்கள், தரை ஆடினாலோ கடல் உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

இவ்வளவுதான் நாம் சொல்ல வந்தது. இதில் எங்காவது தப்பிருப்பதாக யாருக்காவது தோன்றினால் இப்பொழுதே எழுந்து கேட்கலாம். பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.